ஒடெட் சாம்சன் சும்மா உட்கார்ந்திருந்தது குறித்து

அனுப்புநர்:
ரோட்ரிக் மெக்கஸ்கில்,
ஆறாம் வகுப்பு ஆசிரியர் (ஓய்வு),
அறை எண் 9, கிழக்குப் பிரிவு,
டன்வேரன் முதியோர் இல்லம்,
டன்வேரன், கேப் பிரெட்டன் தீவு, நோவா ஸ்கோஷா.

பெறுநர்:
துறைத்தலைவர் அவர்கள்,
பொழுதுபோக்கு, ஓய்வு மற்றும் சிகிச்சைசார் பொழுதுபோக்குத் துறை,
லாக் ஆர்டன் சமூகக் கல்லூரி.

பொருள்: இரண்டாம் ஆண்டு மாணவி திருமதி ஒடெட் சாம்சனின் களப்பயிற்சி மதிப்பீட்டில், எங்கள் தவறால் விழுந்த "காணப்படவில்லை" என்ற குறிப்பை நீக்கி, மறுபார்வை நடத்தித் தருமாறு வேண்டுதல்.

பார்வை: தங்கள் கல்லூரியின் 03.05.2019 நாளிட்ட முடிவுக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது எண்பத்து மூன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவன். மூன்று ஆண்டுகளாக மேற்கண்ட இல்லத்தில் வசிக்கிறேன். இது புகார் மனு என்றாலும் இல்லத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அறை வெதுவெதுப்பாக இருக்கிறது. சன்னலில் கடல் தெரிகிறது. செவிலியர் என் கால்வலியைப் பற்றி நான் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள். தங்கள் கல்லூரியின் மேலும் குறை இல்லை. எங்களைப் பார்வையிட வந்த மதிப்பீட்டாளர் திருமதி பெல்லமி கண்ணியமானவர், கண்டதைத்தான் எழுதினார். இந்தப் புகார் என் மீதும், என்னோடு கையொப்பமிட்டிருக்கும் பத்துப் பேர் மீதும். அப்படி ஒரு மனுவைத் தாங்கள் முன்பு பெற்றிருக்க மாட்டீர்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

2. திருமதி ஒடெட் சாம்சனுக்கு வயது நாற்பத்தாறு. நண்டு பதப்படுத்தும் ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டுத் தங்கள் கல்லூரியில் சேர்ந்தவர். பதினான்கு வாரக் களப்பயிற்சிக்காக ஜனவரி 21 அன்று எங்கள் இல்லத்துக்கு வந்தார். என்ன படிக்கிறார் என்று கேட்டோம்; சொன்னார். எங்கள் ஊர்த் தபால் நிலையத்தை நாற்பது ஆண்டுகள் நடத்திய மொராக் கில்லிஸ் அம்மாள், வயது எண்பத்தெட்டு, உடனே கேட்டது இது: "விளையாடறதுக்கு ஒரு காலேஜா? பரீட்சையில என்ன பண்ணுவீங்க, ஒருத்தர ஒருத்தர் ஓடிப் பிடிப்பீங்களா?" ஒடெட் சிரித்துவிட்டு, "ஆமாம்மா, நான்தான் எப்பவும் மாட்டிக்குவேன்" என்றார். அன்றே மொராக் அம்மாளுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. ஆனால் அதை அம்மாள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

3. இனி, ஆங்கஸ் மெக்கினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் எங்கள் இல்லத்தில் மூவர் இருப்பதால் இவரைக் கப்பல் ஆங்கஸ் என்போம். மீன்பிடிக் கப்பலில் இருபத்தேழு ஆண்டுகள் சமையற்காரராக இருந்தவர். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்துவிட்டது. அக்டோபரில் மனைவி இறந்தார். அதன்பின் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். வந்த நாள் முதல் அறையைவிட்டு வெளியே வரவில்லை. பிங்கோ ஆட்டம், பாட்டு, கைவினை எதற்கு அழைத்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இல்லத்தில் புதிதாகச் சேருபவர்களிடம் ஒரு விருப்பப் படிவம் தருவார்கள். முப்பத்திரண்டு பொழுதுபோக்குகள் அச்சிட்டிருக்கும், பிடித்ததற்கு நேரே குறியிட வேண்டும். ஆங்கஸ் இடது கையால் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு போட்டு அடித்துத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

4. ஒடெட் அந்தப் படிவத்தை மறுபடியும் நீட்டவில்லை. நான்காம் நாள் அவர் அறைக்குப் போய், "ஆங்கஸ், கப்பல் இல்லாத நாள்ல வீட்டுல எங்க உட்காருவீங்க?" என்று மட்டும் கேட்டார். ஆங்கஸ் திரும்பிப் பார்த்து, "சமையலறையில. வேற எங்க உட்காருவாங்க மனுசங்க?" என்றாராம். அவ்வளவுதான் பேச்சு. ஐயா, தாங்களும் இந்தத் தீவைச் சேர்ந்தவராக இருந்தால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் முன்வாசல் பாதிரியாருக்கும் பிணத்துக்கும் மட்டுமே திறக்கும். மற்ற எல்லாரும் பின்பக்கமாகத் தட்டாமல் நுழைந்து சமையலறையில் உட்காருவார்கள். ஆனால் எங்கள் இல்லத்தில் எல்லா நிகழ்ச்சிகளும் முன்பக்கத்துப் பெரிய கூடத்தில்தான் நடந்துவந்தன. அங்கே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்திருப்பார்கள். அதில் போய் உட்காரும்போதெல்லாம் யாரோ இறந்துவிட்டது போல எனக்கு இருக்கும். ஏன் என்று மூன்று ஆண்டுகளாக எனக்குப் புரியவில்லை. வெளியிலிருந்து வந்த மாணவி நான்கு நாளில் கண்டுபிடித்தார்.

5. கிழக்குப் பிரிவில், ஆங்கஸின் அறைக்கு நேர் எதிரே, ஒரு சிறிய சமையலறை உண்டு. பார்வையாளர்கள் காப்பி போட்டுக்கொள்ள என்று கட்டியது, அடுப்புச் சாவி ஊழியரிடம் இருக்கும், யாரும் பயன்படுத்துவதில்லை. ஒடெட் முறைப்படி எழுதிக் கேட்டு, ஆபத்து மதிப்பீட்டுத் தாள் நிரப்பி, எங்கள் பொழுதுபோக்கு மேற்பார்வையாளர் திரு. டெனிஸ் லாண்ட்ரியின் அனுமதி பெற்று, பிப்ரவரி முதல் வியாழன்தோறும் பிற்பகல் இரண்டரை மணிக்கு அதைத் திறந்தார். முதல் வியாழன் மொராக் அம்மாளும் நானும்தான். உருளைக்கிழங்கு தோல் சீவினோம். கத்தி கிடையாது, தோல் சீவி மட்டுமே. உப்புக் கருவாட்டை முதல் நாளே ஊறப்போட்டிருந்தார். மீன் வடை செய்வது திட்டம். ஆங்கஸை யாரும் அழைக்கவில்லை. சமையலறைக் கதவை மட்டும் அகலத் திறந்து ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைத்தார். "குளிருதே, கதவச் சாத்தும்மா" என்றேன். "இல்ல சார், அது என் பாடத்திட்டத்துல இருக்கு" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

6. கேலி இல்லை என்பதற்கு அவருடைய பயிற்சிக் குறிப்பேட்டின் நகல் இணைப்பு ஒன்றில் உள்ளது. (ஆங்கஸைப் பற்றிய பக்கங்கள் மட்டும்; அவரது எழுத்துமூல ஒப்புதலுடன்.) அதிலிருந்து சில வரிகளைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். "மூன்றாம் வாரம்: கதவு திறந்திருந்தது. ஆங்கஸ் கட்டிலில் இந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்." "நான்காம் வாரம்: வெங்காயம் வதக்கினோம். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்." "ஐந்தாம் வாரம்: வாசல்வரை வந்தார். பேசவில்லை. நானும் பேசவில்லை." முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் எழுதிய பாடக் குறிப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். "நானும் பேசவில்லை" என்று ஒரு நாளும் எழுதியதில்லை. எழுதியிருக்க வேண்டிய நாட்கள் பல இருந்தன என்பது இப்போது தெரிகிறது.

7. ஆறாம் வாரம், பிப்ரவரி 28, ஆங்கஸ் சமையலறைக்குள் வந்தார். அன்று மொராக் அம்மாள் மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஆங்கஸ் நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்தபடி பாத்திரத்தை எட்டிப் பார்த்து, ஐந்து மாதத்தில் முதன்முறையாகத் தன் குரலை எங்களுக்குக் கேட்கச் செய்தார்.

"யாரு இவ்வளவு மாவு போட்டது? இது மீன் வடையா, சுவத்துக்குப் பூசுற காரையா?"

மொராக் அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அஞ்சு மாசம் குகைக்குள்ள கெடந்துட்டு வந்து எனக்கு மாவு சொல்லித் தர்றியா நீ?"

"சொல்லித் தரல. தள்ளி நில்லுன்னு சொல்றேன்."

அம்மாள் தள்ளி நின்றார். அவர் யாருக்கும் தள்ளி நின்று நான் பார்த்ததில்லை. ஆங்கஸ் இடது கையால் பிசைந்தார். பாத்திரம் வழுக்கி ஓடியது. ஒடெட் ஒரு ஈரத்துணியை மடித்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துவிட்டு, போய் வேறு வேலை பார்த்தார். பாத்திரம் அசையவில்லை. கப்பலில் அலை அடிக்கும்போது அப்படித்தான் வைப்பார்களாம். ஆங்கஸ் துணியைப் பார்த்தார், ஒடெட்டைப் பார்த்தார், பிசைவதைத் தொடர்ந்தார்.

8. அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச் மாதத்தில் நாங்கள் பதினொருவர் ஆனோம். ஆங்கஸ் தலைமைச் சமையற்காரர். மொராக் அம்மாள் அவருடைய எதிர்க்கட்சி. எனக்குப் பாத்திரம் துலக்கும் வேலை. முதலில் பொருட்களை எடுத்துவைப்பது, நேரம் பார்ப்பது, அறை அறையாகப் போய் நினைவூட்டுவது எல்லாம் ஒடெட் செய்தார். வாரம் ஒன்றாக அவற்றை எங்கள் கைக்கு மாற்றினார். எப்போது மாற்றினார் என்றே எங்களுக்குத் தெரியாது. அந்தப் பொறுப்புகள் எப்போதும் எங்களுடையவை என்றே நினைத்துக்கொண்டோம். குறிப்பேட்டில் மட்டும் தேதிவாரியாக இருக்கிறது. கடைசியாக அவர் எழுதியது: "பதிமூன்றாம் வாரம். இன்று எனக்கு வேலை எதுவும் மிஞ்சவில்லை."

9. இப்போது எங்கள் தவறு. ஏப்ரல் 25, வியாழன், திருமதி பெல்லமி இறுதிப் பார்வைக்கு வந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி, வீட்டுக்கு வந்தவர் ஒரு விரலும் அசைக்கக் கூடாது. வந்தவரைச் சேர்ந்தவர்களும் அப்படித்தான். ஒடெட்டின் கல்லூரியிலிருந்து ஆள் வருவதால், அன்று ஒடெட்டும் விருந்தாளி என்று மொராக் அம்மாள் தீர்மானித்துவிட்டார். எங்களில் ஒருவருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. தங்க விளிம்பு போட்ட நல்ல கோப்பைகள் எடுக்கப்பட்டன. ஒடெட் எழுந்து அடுப்பருகே வந்தார். "உன்னோட ஆளு வந்திருக்காங்க, நீ இன்னிக்கு விருந்தாளி. உக்காருடி" என்றார் அம்மாள். ஒடெட் மறுபடி எழுந்தார். "எழுந்திரிச்சேன்னா கரண்டியாலயே போடுவேன்" என்றார் அம்மாள். ஒடெட் உட்கார்ந்தார். ஆகவே திருமதி பெல்லமி கண்டது என்னவென்றால், எண்பது தாண்டிய முதியவர்கள் சமைத்துப் பரிமாறித் துலக்கிக்கொண்டிருக்க, மதிப்பெண் பெற வேண்டிய மாணவி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

10. அத்தோடு நிற்கவில்லை. திருமதி பெல்லமி மிகப் பணிவாக, "இந்த நிகழ்ச்சிய யார் நடத்துறாங்க?" என்று கேட்டார்.

"நடத்துறதா? இங்க என்ன நாடகமா நடக்குது? இது எங்க சமையலறை" என்றார் மொராக் அம்மாள்.

"எனக்கு யாரும் நடத்திக் காட்ட வேண்டியதில்ல" என்றார் ஆங்கஸ். "இருபத்தேழு வருசம் நடுக்கடல்ல பதினாலு பேருக்கு ஆக்கிப் போட்டவன்."

"அப்போ ஒடெட் என்ன செய்றாங்க?"

"அவளா? நல்லா டீ குடிப்பா" என்றார் மொராக் அம்மாள்.

எல்லாரும் சிரித்தோம், ஒடெட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கும் உற்சாகம் வந்து, இவ்வளவு வயதும் படிப்பும் இருந்தும், "அவங்க இல்லாட்டியும் இது பாட்டுக்கு நடக்கும் அம்மா" என்று பெருமையாகச் சொன்னேன். திருமதி பெல்லமி அதை எழுதிக்கொண்டார். அவர் பேனா நகர்வதை நான் பார்த்தேன். நல்லது, நம் பெருமையை எழுதுகிறார் என்று நினைத்தேன்.

11. மதிப்பீட்டுத் தாளில் நான்காம் இனம்: "தலைமையேற்று நிகழ்ச்சி நடத்துதல்." அதற்கு நேரே, "காணப்படவில்லை." திரு. லாண்ட்ரி தமது அறிக்கையில் முழு மதிப்பெண் அளித்திருக்கிறார். ஆயினும் நேர்ப்பார்வை மதிப்பெண் தனி. அதில் ஓர் இனம் தவறினால் பயிற்சி முழுவதையும் அடுத்த ஜனவரியில் மீண்டும் செய்ய வேண்டும் என்பது தங்கள் விதி. எங்கள் இல்லத்தில் பொழுதுபோக்குப் பணியாளர் இடம் ஒன்று காலியாக உள்ளது. கல்லூரிச் சான்றிதழோடு மே 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். தேர்ச்சி இல்லையென்றால் ஒடெட் நண்டு ஆலைக்குத் திரும்புவார். பருவம் தொடங்கிவிட்டது, அவரைக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

12. இதை ஒடெட் எங்களிடம் முறையிடவில்லை. மே 6 அன்று பெயர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவரை மொராக் அம்மாள் பிடித்துக்கொண்டார். பாஸா என்று கேட்டார். ஒடெட் இல்லை என்றார். உடனே அம்மாள், "ஏண்டி, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? எழுந்து நின்னு, எல்லாம் நான் செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?" என்று சத்தம் போட்டார். அவருக்குக் கோபம் வந்தால் யார் மேல் என்று பார்க்க மாட்டார். அன்று தன் மேல்தான் என்று நினைக்கிறேன்.

ஒடெட் சொன்னார்: "அப்போ ஆங்கஸ் கையில கரண்டி இருந்துச்சு. நான் எழுந்திருந்தா அவர் உட்கார்ந்திருப்பார்."

ஆங்கஸ் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாத்தியாரே, பேனா எடு. அழகா எழுத வேண்டாம், அவங்களுக்குப் புரியற மாதிரி எழுது" என்றார். இந்த மனு அப்படித் தொடங்கியது.

13. தங்கள் கல்லூரியின் பாடத்திட்டக் கையேட்டை ஒடெட்டிடம் இரவல் வாங்கிப் படித்தேன். பழக்கம் காரணமாகப் பென்சிலோடுதான் படித்தேன். அதன் இரண்டாம் இயல் சொல்வது: பங்கேற்பவர் பிறர் துணையின்றித் தம் ஓய்வு நேரத்தைத் தாமே அமைத்துக்கொள்ளும் நிலையை அடைவதே சிகிச்சைசார் பொழுதுபோக்கின் இறுதி இலக்கு. அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன். ஐயா, இந்த இலக்கை எட்டிய மாணவி, மதிப்பிட வருபவர் கண்ணுக்கு எப்படித் தெரிவார்? சும்மா உட்கார்ந்திருப்பவராகத்தான் தெரிவார். இரண்டாம் இயலில் தேறியதால் நான்காம் இனத்தில் தவறிவிட்டார்.

14. ஓர் எடுத்துக்காட்டு சொல்ல அனுமதியுங்கள். எங்கள் பிள்ளைகள் உறைந்த குளத்தில் சறுக்கக் கற்பது ஒரு பழைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டுதான். குழந்தை நாற்காலியை விட்டுவிட்டுத் தானாகச் சறுக்கும் நாளில் ஒருவர் கரையில் வந்து நின்று பார்த்தால், குளத்து நடுவில் ஒரு நாற்காலி வேலையில்லாமல் கிடப்பதுதான் தெரியும். இன்னொன்று, என் சொந்த அனுபவம். 1971-இல் பள்ளி ஆய்வாளர் வந்தபோது என் மாணவர்கள் பின்னக் கணக்கைத் தங்களுக்குள் வாதாடிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சன்னலருகே நின்றேன். "ஆசிரியர் வகுப்பில் ஈடுபாடு காட்டவில்லை" என்று எழுதிப் போனார். அதற்குப் பிறகு யார் பார்க்க வந்தாலும் கரும்பலகையில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கப் பழகிக்கொண்டேன். ஒடெட் அப்படிப் பழகிவிடக் கூடாது என்பது என் கவலை. ஆலைக்குத் திரும்புவதைவிட அது பெரிய நட்டம்.

15. ஏப்ரல் 25 அன்று நாங்கள் சொன்னவை பெருமைக்காகச் சொன்னவை. அவற்றைச் சாட்சியமாகக் கொள்ள வேண்டாம் என்று பதினொருவரும் கேட்டுக்கொள்கிறோம். மொராக் கில்லிஸ் அம்மாள், "டீ குடிப்பா" என்ற தமது கூற்றைத் தனியே திரும்பப் பெற்று இணைப்பு இரண்டில் கையொப்பமிட்டுள்ளார். (தேநீர் குடித்தது உண்மை என்ற குறிப்போடு. அதை நீக்க மறுத்துவிட்டார்.) என்னுடைய வாக்கியத்தை மட்டும் நான் திரும்பப் பெறவில்லை. அது உண்மை. ஒடெட் இல்லாமலே இது நடக்கும். அவர் போனபின் மே 2, மே 9 ஆகிய இரண்டு வியாழன்களும் நடந்தது. திரு. லாண்ட்ரி அடுப்புப் பூட்டைத் திறந்துவிட்டு மூலையில் தமது கணினியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மே 9 அன்று ஆங்கஸ், மேற்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்து யாரிடமும் பேசாதிருக்கும் ஒருவரின் அறைக் கதவை, கேட்காமலே, அகலத் திறந்து வைத்துவிட்டு வந்தார். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அவரே சொல்வார். நம்ப வேண்டாம்.

16. ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றே. மே 31-க்கு முன், மே 23 வியாழன் அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு, திருமதி பெல்லமியோ தாங்களோ எங்கள் சமையலறைக்கு மறுபடி வர வேண்டும். பின்பக்கக் கதவு வழியாக, தட்டாமல் வரவும். விருந்தாளியாக உட்கார வைக்க மாட்டோம். கையில் ஒரு தோல் சீவி தரப்படும். அன்று திருமதி ஒடெட் சாம்சன் அங்கே இருக்க மாட்டார். டன்வேரனிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் தம் வீட்டில் இருப்பார். அவர் வரக் கூடாது என்று நாங்களே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அன்று அந்த அறையில் என்னென்ன நடக்கிறதோ, அவை அனைத்தையும் நான்காம் இனத்துக்கு நேரே, அவர் பெயரில் எழுதித் தருமாறு தங்களை மிகுந்த மரியாதையுடன் வேண்டிக்கொள்கிறோம்.

தங்கள் நேரத்தை இவ்வளவு எடுத்துக்கொண்டதைப் பொறுத்தருள்க.

இடம்: டன்வேரன்
நாள்: 14.05.2019

மரியாதையுடன்,
ரோட்ரிக் மெக்கஸ்கில்
(மற்றும் கிழக்குப் பிரிவுச் சமையலறையினர் பத்துப் பேர்; கையொப்பங்கள் மறுபக்கம்)

இணைப்புகள்:
1. பயிற்சிக் குறிப்பேட்டின் நகல், ஏழு பக்கங்கள், ஆங்கஸ் மெக்கினனின் ஒப்புதல் கடிதத்துடன்.
2. மொராக் கில்லிஸ் அம்மாளின் கூற்று திரும்பப் பெறும் கடிதம்.

நகல்: திரு. டெனிஸ் லாண்ட்ரி, பொழுதுபோக்கு மேற்பார்வையாளர். மே 23 அன்று அடுப்புச் சாவியை மறவாமல் கொண்டுவரும் பொருட்டு.